ஏரி தெரியாத வேன்

ஏரிக்கரை ஸ்டாண்டில் நிற்கிற வேன்களிலேயே சுத்தமான வேன் எது என்று யாரைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் பளபளாவின் வேனைக் கை காட்டிவிடுவார்கள். அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். சீட்டில் பிசுக்கு இருக்காது, தரையில் ஒரு காகிதத் துண்டு கிடக்காது. ஒரு சவாரி இறங்கி அடுத்த சவாரி ஏறுவதற்குள் மற்ற டிரைவர்கள் டீக்கடைக்கு ஓடுவார்கள். இவர் மட்டும் தோளில் கிடக்கும் மஞ்சள் துணியை உருவிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போவார். வட்டம் வட்டமாக, அழுத்தி, மூச்சு வாங்க வாங்கத் துடைப்பார். தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பட்டால் திட்டுத் திட்டாகக் காயும் என்பது அவருடைய கட்சி.

அப்பேர்ப்பட்ட வேனில் ஏறி உட்கார்ந்தால் ஏரி தெரியாது. அதுதான் கூத்து.

ஏரியைச் சுற்றிக் காட்டுவதற்கென்றே செய்த வேன் அது. முழங்கால் உயரத்தில் தொடங்கும் ஜன்னல் மேலே கூரை வரைக்கும் வளைந்து போகும். கண்ணாடியில் அப்படி வளைக்க முடியாது, கனமும் தாங்காது என்று கெட்டி பிளாஸ்டிக்கில் போட்டிருந்தார்கள். புதிதில் அங்கே ஜன்னல் இருப்பதே தெரியாதாம். இப்போதோ அதன் மேல் யாரோ மோரைக் கொட்டிக் காயவிட்ட மாதிரி இருந்தது. வெயில் பட்டால் இன்னும் மோசம். ஜன்னல் முழுக்க மெல்லிய கோடுகள் மினுமினுத்து, அதற்கப்பால் ஏரி இருக்கிறதா, எருமை நிற்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

"வெளியில பனியாப்பா?" என்று கேட்டார் ஒரு பயணி, உச்சி வெயிலில்.

இன்னொரு அம்மாள் வண்டியை விட்டு இறங்கியதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அப்பாடா! என் கண்ணுலதான் புரை விழுந்துடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்" என்றாள். ஸ்டாண்டே சிரித்தது. பளபளாவும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு இரண்டு மடங்கு நேரம் துடைத்தார்.

இந்தச் சிரிப்பு சுற்றுலா ஆபீஸ் மேனேஜர் காது வரை போயிற்று. ஏரிச் சவாரியை யார் எடுப்பது என்பது அவர் கையில். அவர் ஸ்டாண்டுக்கே வந்து, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இங்க பாருய்யா. சனிக்கிழமை காலையில நானே ஏறி உட்காருவேன். ஏரி தெரிஞ்சா ஆளுங்களை ஏத்து. தெரியலைன்னா சீட்டை எல்லாம் கழட்டிட்டு ஓட்டல் ஓட்டலாப் போய் மூட்டை ஏத்து."

பளபளா அன்று வீட்டுக்கு வந்தபோது பேயறைந்த மாதிரி இருந்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"மூட்டை ஓட்டறது கேவலமில்ல," என்றார் மனைவியிடம். "ஆனா நான் மூட்டைகிட்ட என்னத்தப் பேசுவேன், சொல்லு. யானைப் பாறை கதையை ஒரு சூட்கேஸுக்குச் சொன்னா அது சிரிக்குமா?"

மனுஷருக்குப் பேச்சுதான் உயிர். யானைப் பாறை கதையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், ஆயிரம் தடவையும் முடிவில் அவரே முதல் ஆளாகச் சிரிப்பார். அந்தக் கதையும் மைக்கும் இல்லாமல் அவர் ஒரு மாதம் தாங்கமாட்டார் என்று மனைவிக்குத் தெரியும்.

அந்த மனைவியைத் தெருவில் போர்டக்கா என்பார்கள். தெருமுனையில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்யும் பட்டறையில் வேலை. பிளாஸ்டிக் தகட்டில் எழுத்து எழுத்தாக வெட்டித் தருவார்கள். வெட்டிய விளிம்பு சொரசொரவென்று வெளுத்துக் கிடக்கும். அதைத் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீர் மாதிரி தெளிய வைப்பதுதான் போர்டக்காவின் வேலை. வேன் ஜன்னலும் அதே ஜாதிப் பிளாஸ்டிக். அது எதனால் கெட்டது, எப்படித் தெளியும் என்று அவளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது.

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்பீர்கள். சொன்னாளே! "கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுத் துடைங்களேன்" என்று ஒரு நாள் வாய் திறந்தாள். "நீ உன் எழுத்தைப் பாரு, வண்டியை நான் பாத்துக்கறேன்" என்று வந்தது பதில். அத்தோடு விட்டுவிட்டாள். அது அவள் தப்பு என்று நீங்கள் சொன்னால், உங்கள் வீட்டில் இப்படி ஒரு மனிதர் இல்லை என்று அர்த்தம்.

புது ஜன்னல் வாங்கலாம் என்றால், அந்த வளைவில் இப்போது யாரும் செய்வதில்லையாம். மாடியில் குடியிருக்கும் பளபளாவின் தங்கை ஒரு யோசனை சொன்னாள். போர்டக்காவின் நாத்தனாருக்கு எதற்கும் ஒரு யோசனை உண்டு.

"சமையல் எண்ணெய் தடவு அண்ணா. எனக்கு ஒருத்தி சொன்னா, சும்மா ஜொலிக்குமாம்."

தடவினார். ஜொலிக்கத்தான் செய்தது. கீறல்களில் எண்ணெய் இறங்கி, ஜன்னல் அப்படியே தெளிந்துவிட்ட மாதிரி இருந்தது. அண்ணனும் தங்கையும் வேனைச் சுற்றிச் சுற்றி வந்து குதியோ குதியென்று குதித்தார்கள். மறுநாள் ஏரிச் சாலையில் ஒரே ஒரு சுற்றுதான். ஊர்ப் புழுதி மொத்தமும் ஜன்னலில் வந்து அப்பிக்கொண்டது. பளபளா மஞ்சள் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார். புழுதியும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகி, முன்பு மங்கலாகத் தெரிந்த ஏரி இப்போது சுத்தமாகவே தெரியவில்லை.

போர்டக்கா அதைப் பார்த்தாள். இனிமேல் இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தால் மூட்டைதான் என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை காலை பளபளா பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கால் உடைந்து படுத்திருந்த மாமாவைப் பார்க்கப் போனார். வேன் வீட்டு முற்றத்தில் நின்றது. "வண்டியைப் பாத்துக்க" என்று அவர் சொல்லிவிட்டுப் போனது மனைவியிடம் அல்ல, தங்கையிடம்.

அவர் தெருவைத் தாண்டியதும் போர்டக்கா பட்டறைக்கு லீவு சொன்னாள். குழாயில் ஹோஸைச் சொருகினாள். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணை வழியவிட்டாள். பிறகு வாளியில் ஷாம்பு நுரை. துணிகூட இல்லை, வெறும் உள்ளங்கை. கையால் தடவினால்தான் ஒரு மணல் இருந்தாலும் உறுத்தும். எண்ணெய்க் களிம்பு போக மூன்று வாளி பிடித்தது. நாத்தனாரை மனசுக்குள் மூன்று வாளிக்கும் திட்டினாள்.

அடுத்து ஜன்னலைச் சுற்றி இருந்த ரப்பரை டேப் போட்டு மூடினாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்தாள். பெயிண்ட் அடிப்பவர்கள் தேய்க்கிற அதே கறுப்புத் தாள்தான். ஒரு மரக்கட்டையில் அதைச் சுற்றி, முதல் ஜன்னலில் வைத்து நேர்கோடாகத் தேய்க்க ஆரம்பித்தாள். சர்ர், சர்ர் என்ற சத்தம் மாடி வரை கேட்டது.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"அண்ணி! என்ன பண்றீங்க அண்ணி! உப்புத்தாளா அது?"

"உப்புத்தாளேதான். வந்து தண்ணி ஊத்தறியா?"

நாத்தனார் தண்ணீர் ஊற்ற வரவில்லை. போனை எடுத்தாள். "அண்ணா, எங்க இருந்தாலும் ஓடி வா. அண்ணி உன் வண்டியை உப்புத்தாள் போட்டு உரிக்கறா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். பளபளா மாமாவின் காலைப் பார்த்தாரா இல்லையா என்பது இன்று வரைக்கும் தெரியாது. மத்தியானத்துக்குள் முற்றத்தில் வந்து நின்றார், சட்டை நனைந்து, மூச்சிரைக்க.

அவர் வந்த நேரம் இருக்கிறதே, அதைவிடக் கெட்ட நேரம் வாய்க்காது. இடது பக்க ஜன்னல்கள் அத்தனையும் முரட்டுத் தாள் தேய்த்து முடிந்திருந்தன. இத்தனை நாள் மோர் காய்ந்த மாதிரி இருந்தது, இப்போது சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி இருந்தது. உள்ளே இருக்கிற சீட்டுகூடத் தெரியவில்லை.

"ஐயோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "கொன்னுட்டியே! அரை உசுரா இருந்ததை முழுசாக் கொன்னுட்டியே! உனக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்?"

"நான் அப்பவே சொன்னேன் அண்ணா," என்றாள் நாத்தனார்.

"நீ எண்ணெய் தடவச் சொன்னவ, கொஞ்சம் சும்மா இரு," என்றாள் போர்டக்கா.

"வெயில்ல கெட்டுப் போன ஜன்னல்டீ இது!" என்றார் பளபளா. "நான் தினமும் பிள்ளை மாதிரி துடைச்சு வெச்சதை..."

போர்டக்கா தாளைக் கீழே வைத்தாள். இதைச் சொன்னால் மனுஷருக்கு வலிக்கும். சொல்லாவிட்டால் மீதி ஜன்னலைத் தேய்க்க விடமாட்டார்.

"வாங்க இப்படி," என்று அவர் கையைப் பிடித்து வேனின் பின்பக்கம் கூட்டிப் போனாள். பின் ஜன்னலின் குறுக்கே, கூரை மேல் இருக்கிற கேரியருக்கு ஏறுகிற இரும்பு ஏணி பதித்திருந்தது. ஏணிக்கும் ஜன்னலுக்கும் நடுவே கை நுழையாது, சந்து அவ்வளவு சின்னது. காலையில் கழுவியும் அங்கே மட்டும் புழுதி கெட்டியாகப் படிந்து கிடந்தது. பளபளாவுக்கு அந்த இடம் எப்போதும் ஒரு குறைதான். துடைக்க முடியாத ஒரே இடம்.

போர்டக்கா ஹோஸை அதில் பீய்ச்சினாள். புழுதி வழிந்தது. நுரையை ஊற்றி, மறுபடியும் பீய்ச்சினாள்.

ஏணிக் கம்பிகளுக்குப் பின்னால் ஜன்னல் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு கோடு இல்லை. அதன் வழியாக வேனின் உள்பக்கம், ஸ்டீயரிங், அதற்கு முன்னால் எதிர்வீட்டுச் சுவரின் செங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஏணிக்கு இந்தப் பக்கம் ஒரு விரல் தள்ளினால், பழைய மோர்.

"வெயில்தான் கெடுத்துச்சுன்னா, இங்க மட்டும் ஏன் கெடல?" என்றாள். "இந்தக் கம்பி என்ன குடையா? உங்க கை போகாத இடம் இது ஒண்ணுதாங்க."

பளபளா ஜன்னல் பக்கம் குனிந்தார். கீறல்கள் போகிற போக்கைப் பார்த்தார். எல்லாமே வட்டம், வட்டம். அவர் கை சுற்றுகிற அதே வட்டம். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான்தானா?"

"துணி நல்ல துணிதான். ரோட்டு மணல் ஜன்னல்ல ஒட்டியிருக்கும்போது, தண்ணி ஊத்தாம அதையே வெச்சு அழுத்தித் தேய்ச்சா, அதுவும் உப்புத்தாள்தாங்க. நீங்க அன்பாத்தான் செஞ்சீங்க. எனக்குத் தெரியாதா?" அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "அதனாலதான் இத்தனை நாள் சொல்ல மனசு வரல."

அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். ஸ்டாண்டிலேயே சுத்தக்காரர் என்று பெயர் எடுத்த மனுஷர். மற்ற டிரைவர்கள் சோம்பேறிகளாக டீ குடித்துக்கொண்டிருந்ததால்தான் அவர்கள் ஜன்னல் பிழைத்தது என்று இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால் எப்படி இருக்கும்! நாத்தனார்கூட அண்ணனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, சத்தம் போடாமல் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குடித்துவிட்டு, வெள்ளையாக இருந்த ஜன்னலைக் காட்டினார். "சரி. இது ஏன் இப்படி ஆச்சு?"

"கீறல் பள்ளம். பள்ளத்தை ரொப்ப முடியாது. அதனால சுத்தி இருக்கற மேட்டை அந்த ஆழத்துக்கு இறக்கணும். முரட்டுத் தாள் இறக்கும், ஆனா அதுவே கோடு போடும். அந்தக் கோட்டை அதைவிடச் சன்னமான தாள் எடுக்கும், அதோட கோட்டை இன்னும் சன்னமானது எடுக்கும். கடைசியில கோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாயிடும். அப்புறம் பாலிஷ்."

"சனிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"நீங்க வாளி மேல உட்கார்ந்திருந்தா முடியாது."

எழுந்துவிட்டார்.

அவருக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தாள். தாள் காயவே கூடாது, ஒரு கணம் காய்ந்தாலும் புதுக் கீறல். அவர் கண்ணும் கருத்துமாக ஊற்றினார். அரை மணி நேரத்தில் பொறுமை போய், "குடு, நான் தேய்க்கறேன்" என்று தாளை வாங்கினார். வாங்கினவர் கை தன்னால் வட்டம் போட ஆரம்பித்தது.

"நேரா!" என்று அதட்டினாள். "ஒரு தாள் குறுக்கால, அடுத்த தாள் நெடுக்கால. அப்பதான் போன தாளோட கோடு போயிடுச்சான்னு தெரியும். அழுத்தாதீங்க! கை சும்மா படுக்கட்டும்."

"அழுத்தாம எப்படிடீ போகும்?"

"போகும். நீங்க அழுத்தி அழுத்தித்தான் நாம இந்த நிலைமைல இருக்கோம்."

நாத்தனார் ஓரமாக நின்று பார்த்தவள் தாங்கமாட்டாமல் வந்து முந்தானையால் ஜன்னல் ஈரத்தைத் துடைக்கப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் "தொடாதே!" என்று கத்தினார்கள். அவள் கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய், கோபம் ஆறுவதற்குள் கீழே வந்து, வாளிக்குத் தண்ணீர் மாற்ற ஆரம்பித்தாள்.

தாள் சன்னமாக ஆக ஆக, சர்ர் என்ற சத்தம் அடங்கி, கடைசித் தாளில் சத்தமே இல்லை. சுண்ணாம்பு மோராகி, மோர் புகையாகி நின்றது. அதற்கு மேல் தாளால் ஆகாது. சாயங்காலம் போர்டக்கா பட்டறையில் இரவல் வாங்கிய பாலிஷ் மெஷினை எடுத்தாள். பஞ்சு வட்டில் பாலிஷைத் தடவி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டினாள். நிறுத்தினால் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும், அப்புறம் எந்தச் சாமியாலும் காப்பாற்ற முடியாது. பளபளா மூச்சைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். மெஷின் போன வழியெல்லாம் புகை விலகியது.

வெளியே அவருடைய தங்கை நின்றுகொண்டிருந்தாள். அண்ணனுக்கு உள்ளேயிருந்து ஒன்றும் தெரியாது என்ற தைரியத்தில், 'தொடாதே' என்று கத்தினதற்குப் பழிக்குப் பழியாக, அவரைப் பார்த்து நாக்கைத் துருத்திப் பழித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய்!" என்று உள்ளேயிருந்து கத்தினார் பளபளா. "பல்லு விளக்கினியாடீ இன்னைக்கு?"

தங்கை வெலவெலத்துப் போனாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இறங்கி வந்து மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பாலிஷும் சேறுமாக இருந்த கை. "தெரியுதுடீ," என்றார். "நாக்கு வரைக்கும் தெரியுது."

வெள்ளிக்கிழமை முழுக்க மற்ற ஜன்னல்கள். மூன்று பேரும் பேச்சை விட்டுவிட்டு வேலை செய்தார்கள் என்றால், அந்த வீட்டில் அது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று தெரு சொல்லும். பொழுது சாயும்போது கடைசி ஜன்னலும் தெளிந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் தோள் எழும்பவில்லை. தட்டில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்த இருவருக்கும் நாத்தனார்தான் திட்டிக்கொண்டே ஊட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஸ்டாண்டில் ஒரு டிரைவர்கூட டீக்கடைப் பக்கம் போகவில்லை. வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். பளபளா மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அவள் கடைசி சீட்டில் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். தேய்ச்சது போதுமா, எங்காவது ஒரு மூலையில் புகை நிற்கிறதா என்று நூறாவது தடவையாகப் பார்த்தாள்.

மேனேஜர் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடி ஏறினார். நடு வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, "எடு வண்டியை" என்றார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

வண்டி ஏரிச் சாலையில் திரும்பியது. பளபளா வழக்கமாகப் பேச ஆரம்பிக்கிற இடம் வந்தும் மைக்கைத் தொடாமல் ஓட்டினார். மேனேஜர் ஏரியைப் பார்த்துக்கொண்டே சுளை சுளையாகத் தின்றார். காலை வெயிலில் தண்ணீர் முழுக்கத் தகதகவென்று கிடந்தது. ஒரு படகில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார், வலையிலிருந்து தெறித்த துளிகூடத் தெரிந்தது.

பழம் தீர்ந்தது. மேனேஜர் தோலையும் கொட்டையையும் மொத்தமாகக் கையில் திரட்டி, ஏரிப் பக்கமாக வீசினார்.

தோல் ஜன்னலில் பட்டென்று மோதித் திரும்பி அவர் மூக்கிலேயே அடித்தது. கொட்டைகள் வெள்ளைச் சட்டையில் சிதறின.

போர்டக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேனேஜர் கையை நீட்டி ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். முட்டியால் தட்டினார். அப்புறம், சிரிப்பே வராத அந்த மனிதர், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஜன்னல் இருக்குய்யா இங்க!" என்றார். "நான் திறந்து கிடக்குன்னு நெனச்சேன்!"

ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்ததும், சட்டையில் ஆரஞ்சுக் கறையோடு இறங்கி எல்லார் முன்னாலும் சொன்னார்: "இன்னைக்கு முதல் சவாரி இந்த வண்டிதான். ஏன்யா, புது ஜன்னல் கிடைக்கவே கிடைக்காதுன்னாங்களே, நீ எங்க பிடிச்ச?"

போர்டக்கா படியில் நின்றாள். 'நானே தேய்ச்சேன் சார்' என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும், பாதி தேய்த்தாரே என்று மனசைத் தேற்றியும் கொண்டாள்.

"புதுசு இல்ல சார், அதே ஜன்னல்தான்," என்றார் பளபளா. "கெடுத்தது நான். மண்ணோட சேர்த்து வறட்டுத் துணி போட்டுத் துடைச்சு, தினம் தினம் நானே கீறிக் கெடுத்தேன். மீட்டது இவ. நடுவுல வந்து நான் கத்தி ரகளை பண்ணேன், அதையும் சொல்லிடறேன்."

டிரைவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் தோளிலும் ஒரு துணி கிடந்தது. ஒருவர் மெதுவாகத் தன்னுடையதை எடுத்துப் பாக்கெட்டில் செருகினார். போர்டக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டதற்கு இன்றைக்கு ஒரு நாள் போதும் என்று நினைத்தாள்.

அதற்குள் பயணிகள் வந்துவிட்டார்கள். ஏறின வேகத்தில் ஜன்னலோர சீட்டுக்கு அடிதடி. நேற்று வரைக்கும் ஈ காக்கை உட்காராத சீட்டுகள் அவை. "நான்தான் முதல்ல கர்ச்சீப் போட்டேன்" என்று ஒருவரும், "கர்ச்சீப் என்ன பத்திரமா?" என்று இன்னொருவரும் மல்லுக்கு நின்றார்கள். போர்டக்காவையும் ஓர் அம்மாள் விடவில்லை. "நீங்க சவாரியா, சும்மாவா? சும்மான்னா இறங்குங்கம்மா, நாங்க ஏரி பார்க்கணும்."

இறங்கினாள். தன் கையால் தெளிய வைத்த ஜன்னலோரத்தில் தனக்கே இடமில்லை என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

வண்டி நகர்ந்தது. மைக் கரகரத்தது.

"எல்லாரும் ஏரியை அப்புறம் பாருங்க," என்றது பளபளாவின் குரல். "முதல்ல அந்தப் பக்கம் பாருங்க. பச்சைப் புடவை கட்டிட்டு, இடுப்புல கை வெச்சிட்டு நிக்கறாங்க பாருங்க, அவங்கதான் என் வீட்டுக்காரி. நீங்க இன்னைக்குப் பார்க்கப் போற ஏரி அவங்க காட்டற ஏரி."

ஜன்னலோரம் இருந்தவர்கள் திரும்பினார்கள், நடுவில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தனை முகமும், சிரிப்பும், ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடியும், அவளைப் பார்த்துக் கையசைத்த அந்தச் சண்டைக்கார அம்மாளின் வளையலும் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தன. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனும் தெரிந்தார்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க!" என்று போர்டக்கா கத்தினாள்.